மருந்தா, அறுவையா: குழந்தையின் பெருங்குடல் விரியத் தொடங்கும்போது

இரத்தமும் சளியுமாக நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கழிவறைக்கு ஓடிய குழந்தை, திடீரென்று இரண்டு முறை மட்டுமே போகிறது. வார்டில் கண் விழித்துக் கிடக்கும் தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருக்கும். மருந்து பிடித்துவிட்டது என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்வார். ஆனால் அதே நேரத்தில் குழந்தையின் வயிறு உப்பியிருந்தால், காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் இருந்தால், அந்த அமைதியைக் கண்டு அஞ்ச வேண்டும். பெருங்குடல் சுருங்கி விரியும் வேலையை நிறுத்திவிட்டது, வெளியே வரவேண்டியவை உள்ளேயே தங்குகின்றன என்பதுதான் அதன் பொருள்.

மருத்துவர்கள் இதை டாக்சிக் மெகாகோலன் என்பார்கள். நச்சுப் பெருங்குடல் விரிவு என்று தமிழில் சொல்லலாம். குழந்தைகளுக்கு அரிதாகவே வருகிறது. வந்துவிட்டால், பெற்றோர் தம் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான முடிவை ஓரிரு நாளில், சில நேரம் சில மணி நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவுக்கான வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். ஏனெனில், "கத்தி வைக்காமல் சரிசெய்ய முடியாதா?" என்ற கேள்வியை ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் கேட்கிறது. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை தேடுவதிலேயே காலம் கடந்துவிடுகிறது.

குடலுக்குள் நடப்பது

பெரும்பாலும் இதன் வேர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி. பெரியவர்களில் பலருக்கு இந்நோய் மலக்குடலோடும் அதையொட்டிய பகுதியோடும் நின்றுவிடுகிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே பெருங்குடல் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. வழக்கமாக அழற்சி உட்படலத்தில்தான் இருக்கும். கடுமையான தாக்குதலில் அது தசை அடுக்கு வரை இறங்குகிறது. அங்கே உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு தசையைத் தளரச் செய்கிறது. தளர்ந்த குடல் காற்றால் விரிகிறது. விரிய விரியச் சுவர் மெலிகிறது, மெலிந்த சுவரின் மீது இழுவிசை இன்னும் கூடுகிறது. எனவே விரிவின் கடைசிக் கட்டம் முதல் கட்டத்தைவிட வேகமாக நடக்கும்.

எக்ஸ்ரேயில் குறுக்குப் பெருங்குடலின் விட்டம் 56 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் விரிவு என்று கொள்கிறார்கள். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 40 மில்லிமீட்டரைத் தாண்டினாலே போதும். அளவு மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வேகமான இதயத்துடிப்பு, நீரிழப்பு, சோடியம் பொட்டாசியம் குலைவு, குறைந்த இரத்த அழுத்தம், மந்தமான நினைவு போன்ற நச்சுநிலை அறிகுறிகளும் சேர்ந்திருக்க வேண்டும்.

சில பொருள்கள் இந்த விரிவைத் தூண்டிவிடும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைடு, மார்ஃபின் வகை வலிநிவாரணிகள், வயிற்றுப் பிடிப்புக்கான சில மருந்துகள், சரிசெய்யப்படாத பொட்டாசியக் குறைவு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கடுமையான தாக்குதலின்போது பெருங்குடல் முழுவதற்கும் கேமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் முழுக் கொலனோஸ்கோப்பியையும் தவிர்க்கிறார்கள். தேவையென்றால் மலக்குடலையும் அதற்குச் சற்று மேலுள்ள பகுதியையும் மட்டும், மிகக் குறைவாகக் காற்றுச் செலுத்திப் பார்த்துத் திசு எடுப்பார்கள். மூன்று நாளாகக் கழிகிறதே என்று வீட்டிலிருந்த மாத்திரையைக் கொடுத்ததற்காகப் பின்னால் மனம் நொந்துபோகும் பெற்றோர் உண்டு. நோய் அவர்களால் வந்ததில்லை. அவர்கள் அதைத் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும், அந்தத் தகவல் உதவும்.

முதல் வழி: ஸ்டீராய்டு ஏற்றிக் காத்திருப்பது

விரிவு இன்னும் வராத, ஆனால் கடுமையான தாக்குதலில் உள்ள குழந்தைக்கு முதல் மருந்து இரத்தக்குழாய் வழியே செலுத்தும் ஸ்டீராய்டுதான். 1955-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவும் விட்ஸும் கார்ட்டிசோனைச் சோதித்து முடிவுகளை வெளியிட்ட பிறகு, இந்நோயின் கடும் தாக்குதலில் இறப்பவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இன்றும் தொடக்கம் அதிலிருந்துதான். பெருவாரியான குழந்தைகளுக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கிறது.

ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு அது பலிப்பதில்லை. அந்தக் குழந்தை எது என்பதை எத்தனை சீக்கிரம் கண்டுகொள்கிறோம் என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமைகின்றன. இதற்குக் குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்தும் மதிப்பெண் முறைக்குப் பியூக்காய் என்று பெயர். வயிற்றுவலி, இரத்தப்போக்கு, மலத்தின் தன்மை, எத்தனை முறை போகிறது, தூக்கத்திலிருந்து எழுந்து போகிறதா, எவ்வளவு நடமாடுகிறது ஆகிய ஆறையும் கேட்டு 85-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 65 அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமை. ஸ்டீராய்டின் மூன்றாம் நாளில் மதிப்பெண் 45-க்கு மேல் நின்றால் அடுத்த மருந்துக்கான ஏற்பாடுகளைத் தொடங்குகிறார்கள். ஐந்தாம் நாளில் 65, 70-ஐத் தாண்டியிருந்தால் இனியும் ஸ்டீராய்டை மட்டும் நம்பியிருப்பதில்லை.

இதில் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தவர் குழந்தையின் அருகில் இரவெல்லாம் இருப்பவர்தான். இரவு எத்தனை முறை எழுந்தான், எந்தத் தடவை இரத்தம் மட்டும் வந்தது என்று ஒரு தாளில் நேரத்தோடு எழுதி வைக்கும் பெற்றோர், ஒரு பரிசோதனைக்கூடம் தர முடியாத தகவலைத் தருகிறார்கள்.

காத்திருப்பதில் ஒரு மறைந்த ஆபத்தும் உண்டு. ஸ்டீராய்டு வலியையும் காய்ச்சலையும் அடக்கிவிடுவதால், குடலில் ஓட்டை விழுந்தாலும் வயிறு கல்லாய் இறுகாமல், குழந்தை அலறாமல் இருக்கலாம். நேற்று வரை துடித்த பிள்ளை இன்று அமைதியாகப் படுத்திருக்கிறது என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது. முகம் வெளுத்து, விளையாட்டுப் பொருளைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் கிடந்தால், உடனே யாரையாவது அழையுங்கள்.

இரண்டாம் வழி: இன்னொரு மருந்து

ஸ்டீராய்டு தோற்ற பிறகு பெரும்பாலும் முன்வைக்கப்படுவது இன்ஃப்ளிக்ஸிமேப். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பிடித்து முடக்கும் மருந்து இது. 2010-இல் வெளியான, பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வில் கடும் தாக்குதலுடன் அனுமதிக்கப்பட்ட 128 குழந்தைகளில் 37 பேருக்கு ஸ்டீராய்டு பலிக்கவில்லை. அவர்களில் 33 பேருக்கு இன்ஃப்ளிக்ஸிமேப் தரப்பட்டது. 25 பேர் தேறி வீடு திரும்பினார்கள். ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நீடித்தவர்கள் பாதியை விடச் சற்று அதிகம்.

இந்த எண்களை இரு விதமாகவும் படிக்கலாம், இரண்டையும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. நான்கில் மூன்று குழந்தைகள் அந்த வாரமே அறுவைச் சிகிச்சையிலிருந்து தப்பினார்கள் என்பது பெரிய வெற்றி. நாலாவது குழந்தைக்கு அந்த நாள்கள் நோய் முற்றும் நாள்களாகக் கழிந்தன என்பதும் உண்மை.

வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். கடும் தாக்குதலில் அது பலருக்குப் போதுவதில்லை. புண்ணாகிப்போன குடல் வழியே மருந்தும் புரதமும் மலத்தில் ஒழுகிப்போகின்றன. அதனால் குழந்தைகளுக்கு 10 மில்லிகிராம் வரை உயர்த்துவதும், இரண்டாம் ஊசியை இரண்டு வாரம் காக்காமல் முன்கூட்டியே தருவதும் இன்று பல இடங்களில் நடைமுறை. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் மிகக் குறைவாக இருக்கும் குழந்தைக்கு இதைப் பற்றி மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள். காசநோயும் ஹெப்படைடிஸ் பி-யும் மறைந்திருக்கிறதா என்ற பரிசோதனையை ஸ்டீராய்டின் முதல் ஓரிரு நாளிலேயே எடுத்துவிட்டால், மூன்றாம் நாள் ஊசி தேவைப்படும்போது முடிவுக்காகக் காத்திருக்க நேராது.

மற்றொன்று, நோயெதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின். இது வேகமாக வேலை செய்யும். பெரியவர்களிடம் இதையும் இன்ஃப்ளிக்ஸிமேப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இரத்தத்தில் இதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மக்னீசியமோ கொலஸ்ட்ராலோ குறைவாக இருந்தால் வலிப்பு வரலாம். மேலும் இது சில மாதங்களுக்கான பாலம் மட்டுமே. அசதயோப்ரின் போன்ற மெதுவாகப் பலன் தரும் மருந்து தன் வேலையைத் தொடங்கும் வரை தாங்கிப் பிடித்து, பின் நிறுத்தப்படும். குழந்தை ஏற்கெனவே அசதயோப்ரின் எடுத்தும் நோய் மீறியிருந்தால், பாலத்தின் மறுகரையில் கால் வைக்க இடமில்லை. அப்போது இன்ஃப்ளிக்ஸிமேப்பே பொருத்தமாகத் தோன்றுகிறது. டாக்ரோலிமஸ் என்ற மருந்து சைக்ளோஸ்போரினின் குடும்பத்தைச் சேர்ந்தது, வாய்வழியாகவும் தரலாம்.

ஒரு மருந்து பலிக்கவில்லை என்றால் அடுத்தது, அதுவும் இல்லை என்றால் மூன்றாவது என்று போகலாமா? நோய் எதிர்ப்பாற்றலை அடுக்கடுக்காக முடக்கிக்கொண்டே போவதால் கடும் தொற்றின் ஆபத்து ஏறுகிறது. குழந்தை மெலிந்துகொண்டே போய், கடைசியில் அறுவை மேசைக்கு வரும்போது தாங்கும் சக்தி இல்லாமல் வருகிறது. ஒரு மருந்தை முறையாக, போதிய அளவில், நாள் குறித்துக்கொண்டு முயல்வதே நல்லது. குறித்த நாளில் பலன் இல்லையென்றால் அடுத்த மருந்தைத் தேடாமல் அறுவைக்குப் போவதே பாதுகாப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மருந்து பலிக்காதபோது நோயின் மேல் இன்னொரு நோய் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமிக்கு மலப் பரிசோதனையும், சைட்டோமெகலோ வைரஸுக்குத் திசுப் பரிசோதனையும் செய்கிறார்கள். முதலாவதற்கு வாய்வழி வான்கோமைசின், இரண்டாவதற்கு கான்சிக்ளோவிர் என்று வைத்தியமே வேறு.

விரிவு வந்த பிறகு கணக்கு மாறுகிறது

மேலே சொன்னதெல்லாம் குடல் விரியாத வரைக்கும்தான். விரிந்துவிட்டால் இரண்டாம் வழி ஏறக்குறைய மூடிவிடுகிறது. நச்சு விரிவு உள்ள குழந்தைக்கு இன்ஃப்ளிக்ஸிமேப், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றைப் பரிந்துரைப்பதில்லை. வாய்வழி உணவை நிறுத்தி, நீரும் உப்புகளும் ஏற்றி, மூக்கு வழியே குழாய் வைத்து, கிருமிக்கொல்லி மருந்துகளும் ஸ்டீராய்டும் கொடுத்து, அடிக்கடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இதற்குரிய காலம் 24 முதல் 72 மணி நேரம். அதற்குள் விட்டம் குறைந்து குழந்தை தெளிய வேண்டும். விரிவு கூடினாலோ, குழந்தையின் நிலை மோசமானாலோ அந்தக் காலக்கெடுவும் செல்லாது. ஓட்டை, அடங்காத இரத்தப்போக்கு, இரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சிநிலை ஆகியவை இருந்தால் பேச ஏதுமில்லை. அன்றே அறுவை.

இந்தக் கட்டத்தில் குடும்பங்கள் தமக்குள் வைத்து ஒப்பிடும் இரண்டு தட்டுகள் தவறானவை. "அறுவை செய்தால் குடல் போகும், செய்யாவிட்டால் குடல் மிஞ்சும்" என்று எண்ணுகிறார்கள். உண்மையான தட்டுகள் வேறு. ஒன்று, ஓட்டை விழுமுன் திட்டமிட்டுச் செய்யும் அறுவை. மற்றொன்று, ஓட்டை விழுந்து மலம் வயிற்றறை முழுவதும் பரவிய பின் நள்ளிரவில் செய்யும் அறுவை. இரண்டிலும் குடல் போகிறது. இரண்டாவதில் உயிராபத்து பல மடங்கு உயர்கிறது.

மூன்றாம் வழி: அறுவை

இது பெரும்பாலும் மூன்று தவணையாக நடக்கும் அறுவை. முதல் அறுவையில் என்ன எடுக்கிறார்கள், என்ன விடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பெருமளவு குறையும். பெருங்குடலின் பெரும்பகுதியை எடுத்து, மலக்குடலை அப்படியே விட்டுவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் தோலுக்கு வெளியே கொண்டுவந்து குடல்வாய் அமைக்கிறார்கள். அதன் மேல் ஒரு பை ஒட்டப்படும். மலம் அதில் சேரும்.

"எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்து, பையே இல்லாமல் செய்துவிடக் கூடாதா? ஏன் மூன்று தடவை மயக்க மருந்து?" என்று பெற்றோர் கேட்பார்கள். ஒரே தவணையில் முடிப்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் சில நாள் உயர் அளவு ஸ்டீராய்டில் கிடந்து, அல்புமின் சரிந்து, இரத்தம் வற்றிய உடலில் தையல்கள் ஒட்டுவது கடினம். மலக்குடலை எடுக்க இடுப்பெலும்புக் குழிக்குள் ஆழமாக இறங்க வேண்டும். சிறுநீர்ப்பைக்கும் பாலுறுப்புகளுக்கும் போகும் நரம்புகள் அங்கேதான் ஓடுகின்றன. அவசர வேளையில் அங்கே கை வைப்பது அறிவுடைமை ஆகாது. அதனால் குழந்தையைக் காப்பாற்றப் போதுமானதை மட்டும் முதலில் செய்கிறார்கள்.

பிறகு, ஸ்டீராய்டு நின்று எடை ஏறிய பின், பொதுவாகச் சில மாதங்கள் கழித்து, மலக்குடலை எடுத்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து ஒரு சேமிப்புப் பையாக்கி, ஆசனவாயோடு இணைக்கிறார்கள். 1978-இல் பார்க்ஸும் நிக்கல்ஸும் விவரித்த முறையின் வழிவந்தது இது. இன்று ஜே வடிவப் பையே பெரிதும் வழக்கில் இருக்கிறது. இணைப்பு ஆறும் வரை தற்காலிகமாக ஒரு குடல்வாய் வைத்து, மூன்றாம் முறை அதை மூடுகிறார்கள். சிலருக்கு இரண்டே தவணையில் முடிந்துவிடும்.

தவணை முறையில் எனக்கு மிகப் பெரிதாகப் படும் நன்மை, அது குடும்பத்துக்குத் தரும் அவகாசம். எடுத்த பெருங்குடலை முழுமையாகச் சோதிக்கலாம். நோய் உண்மையில் க்ரோன் எனப்படும் வேறொரு குடல் அழற்சி என்று தெரியவந்தால் சேமிப்புப் பை பழுதாகும் வாய்ப்பு அதிகம், அதனால் திட்டமே மாறும். ஆறு வயதுக்குள் நோய் தொடங்கிய குழந்தைக்கு ஒற்றை மரபணுக் கோளாறால் வந்த நோயெதிர்ப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலவற்றுக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை வரை வழி உண்டு. பெண் குழந்தை என்றால் இன்னொன்றும் இருக்கிறது. இடுப்புக்குழி அறுவைக்குப் பின் கருக்குழாய்களைச் சுற்றி ஒட்டுத்திசு உண்டாகி, இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையலாம். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தால் இந்தக் குறைவு சிறிதாகிறது. முதல் அறுவை அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. அடுத்த அறுவையை எப்போது செய்வது என்பதை அவள் வளர்ந்து தானே முடிவு செய்யவும் இடமிருக்கிறது. அதுவரை மிச்சமுள்ள மலக்குடலில் இரத்தமும் சளியும் வரலாம் என்பதையும், அதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சேமிப்புப் பை இயல்பான பெருங்குடலுக்கு ஈடாகிவிடாது. நாளொன்றுக்கு 4 முதல் 7 முறை போக வேண்டியிருக்கும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு என்றேனும் ஒருமுறை அந்தப் பையில் அழற்சி வருகிறது. பெரும்பாலும் கிருமிக்கொல்லி மருந்தில் அடங்குகிறது. குடல்வாயோடு இருக்கும் காலத்தில் நீரும் உப்பும் வெளியேறுவது அதிகம் என்பதால், வெயிலிலும் வாந்தியிலும் குழந்தை சீக்கிரம் வாடிவிடும். இவை உண்மையான குறைகள். மறுபக்கத்தில், இரவில் எட்டு முறை எழாமல் தூங்கும் குழந்தை, ஸ்டீராய்டு நின்றதும் மீண்டும் உயரமாக வளரும் குழந்தை, வலிக்குப் பயந்து சாப்பாட்டை ஒதுக்காத குழந்தை இருக்கிறது. எத்தனையோ மாதம் நோயோடு போராடிய பிள்ளைகள் அறுவைக்குச் சில வாரம் கழித்து மறுபடி ஓடத் தொடங்குவது வெகு சாதாரணமாக நடப்பது.

மருந்தை முயல்வதானாலும் முதல் நாளிலேயே குழந்தை அறுவை மருத்துவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். அவரைச் சந்திப்பதால் அறுவைக்குச் சம்மதம் கொடுத்ததாக ஆகாது. "எந்த நாளில், எந்த அளவைக் கண்டால் நாம் மனத்தை மாற்றிக்கொள்வோம்?" என்று குடல்நோய் மருத்துவரையும் அவரையும் ஒன்றாக வைத்துக் கேட்டு, விடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதை நடுக்கமில்லாத வேளையில் எழுதி வைத்தால்தான் நடுங்கும் வேளையில் கைகொடுக்கும். இரு மருத்துவர்களும் ஒரே மருத்துவமனையில் இல்லையென்றால், மூன்றாம் நாளுக்குள் குழந்தையை அப்படிப்பட்ட இடத்துக்கு மாற்ற முடியுமா என்பதையும் அதே உரையாடலில் கேளுங்கள். விரிந்த குடலோடு ஆம்புலன்ஸில் நெடுந்தூரம் போவதை எந்தக் குழந்தைக்கும் விரும்ப மாட்டோம்.

குழந்தையிடமும் பேச வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன் உடலைப் பற்றி நிறையவே புரியும். விழித்துப் பார்க்கும்போது வயிற்றில் ஒரு பை இருப்பதை அப்போதுதான் முதன்முதலாக அறிவது பெரிய காயம். பையை முன்னதாகவே கையில் கொடுத்து, தண்ணீர் ஊற்றி, ஒட்டிப் பார்க்க விடலாம்.

குடல்வாய்ப் பராமரிப்புச் செவிலியர் இருந்தால் முன்கூட்டியே வரச் சொல்லுங்கள். பிள்ளையை உட்காரவும் நிற்கவும் குனியவும் சொல்லி, இடுப்புப் பட்டையும் தோல்மடிப்பும் படாத ஓர் இடத்தைப் பார்த்து, பேனாவால் வயிற்றில் சிறு வட்டம் போடுவார். மருந்து பலித்து அறுவை தேவைப்படவில்லை என்றால், வீடு திரும்பிக் குளிக்கும்போது அந்த வட்டம் அழிந்துவிடும்.